மச்சுக்கு ஏறிய சூடு

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தே காலுக்கு, தாராவியில் அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அடி வீட்டுக்குள் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். வீட்டுக்காரர் கோமதிநாயகம், வயது அறுபத்து நாலு. அவர் மனைவி மாரீஸ்வரி, வயது ஐம்பத்தெட்டு. ரேஷன் கார்டில் மட்டும் ஐம்பத்து நாலு. மாரீஸ்வரியின் தம்பி செல்வம், உல்லாஸ்நகரில் போர்வை வியாபாரம். பக்கத்து வீட்டு ஷேக் பரீத், குர்லாவில் லேத் பட்டறை. அவர் மனைவி நஸீரா. ஐந்து பேர், நாலு கிளாஸ் டீ. கிளாஸ் கிடைக்காதவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வீடு அவருடையதுதான்.

கோமதிநாயகம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை. முப்பத்து நாலு வருஷம் ஒரு தோல் கிடங்கில் தோல் எண்ணுகிற வேலை பார்த்தவர். தோல் பேசாது, அதனால் அவருக்கும் பேச வேண்டிய அவசியம் வரவில்லை. ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்த பிறகுதான், எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல், பேசுவதற்கு ஒருத்தி இருப்பது தெரிந்தது.

அந்த ஒருத்தி இட்லிக்காரி. விடிகாலை நாலு மணிக்கு அவள் வீட்டு வாசலில் அலுமினியப் பாத்திரத்தோடு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். எண்ணூறு இட்லி ஆறரைக்குள் சயான், குர்லா, சுனாபட்டி என்று பிரிந்து போய்விடும். கீழ் வீடு முழுக்க அவள் ராஜ்ஜியம். கிரைண்டர், அண்டா, இட்லிக் கொப்பரை, அரிசி மூட்டை, அதற்கு நடுவில் அவள் கட்டில். வாசலை ஒட்டி மரத்தூள் அடுப்பு. சாயங்காலம் மரத்தூளை இடித்து நிரப்பிப் பற்ற வைத்தால், சாம்பார்ப் பருப்பை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடியக் கனன்றுகொண்டே இருக்கும். புகை தகரக் குழாய் வழியாகச் சந்துக்குப் போய்விடும்.

ஏணி ஏறினால் மச்சு. ஏழு அடி நீளம், ஆறு அடி அகலம், குனிந்து நடக்க வேண்டிய உயரம், தலைக்கு மேல் தகரம். அது மட்டும் கோமதிநாயகத்தின் ராஜ்ஜியம். அங்கே அவர் சட்டை இல்லாமல் உட்காரலாம். பழைய பேப்பரை முதல் பக்கத்திலிருந்து படிக்கலாம். முக்கியமாக, காலை நீட்டலாம். அறுபத்து நாலு வருஷத்தில் அவருக்கு என்று கால் நீட்டக் கிடைத்த இடம் அது ஒன்றுதான். யாரும் வந்து, "கொஞ்சம் காலை மடக்குங்க, அரிசி எடுக்கணும்" என்று சொல்ல மாட்டார்கள்.

அந்த மச்சில்தான் இப்போது செல்வம் தவழ்ந்துகொண்டிருந்தான். கையில் இஞ்ச் டேப்.

"ஏழுக்கு ஆறு அக்கா!" என்று மேலேயிருந்து கத்தினான். "அம்சமா இருக்கு!"

"யாருக்கு அம்சமா இருக்கு?" என்றார் கோமதிநாயகம்.

மாரீஸ்வரி டீயை ஒரு மிடறு உறிஞ்சினாள். "தம்பி இனிமே நம்ம கூடத்தான் இருக்கப் போறான். உல்லாஸ்நகர்ல வீட்டுக்கு ரிப்பேர் வேலையாம். மச்சுல படுத்துக்கிடட்டும். நீங்க கீழ வந்துருங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? நேத்து ராத்திரி மேல கெடந்து எத்தனை தடவை தும்மினிய?"

"பதினேழு."

"பாத்தியளா, கணக்கு உங்க வாயில இருந்தே வருது. அங்கன கெடக்கிற குளிருக்கு மனுசன் படுப்பானா? குல்லாவைக் கண்ணு வரைக்கும் இழுத்துவிட்டுட்டு, எழவு வீட்டுக்கு வந்த கரடி மாதிரி இறங்கி வாரிய. செல்வம் இளவட்டம், தாங்கிக்கிடுவான். போர்வைக் கடைக்காரன் வேற."

ஜனவரி மாசம் அது. மற்ற ஊரில் குளிர் என்றால் என்னவோ, மும்பையில் பாதரசம் பதினைந்துக்குக் கீழே இறங்கிவிட்டால் ஊரே குல்லா போட்டுக்கொள்ளும். அந்த வாரம் பதிமூன்று. ராத்திரி தகரக் கூரை பனியைக் குடித்துக் கோமதிநாயகத்தின் முதுகில் துப்பியது. எல்லாம் உண்மைதான். ஆனாலும் அது அவருடைய குளிர். அவருடைய மச்சில், அவர் கால் நீட்டிப் படுத்து அனுபவிக்கிற குளிர்.

"முடியாது" என்றார்.

கீழே இருந்த டீ கிளாஸ் மூன்றும் அந்தரத்தில் நின்றன. முப்பத்தேழு வருஷத் தாம்பத்தியத்தில் அவர் வாயிலிருந்து 'முடியாது' என்ற சொல் அதுவரை நாலு தரம் வந்திருக்கிறது. மூன்று தரம் டாக்டரிடம். ஒரு தரம் தூக்கத்தில்.

"என்ன முடியாது?" என்றாள் மாரீஸ்வரி, மெதுவாக.

"மச்சைத் தர முடியாது. குளிருதான உனக்குப் பிரச்சினை? நான் மச்சைச் சூடாக்கிக் காட்டுதேன்."

"நீங்களா?"

"நான்தான்."

"எதை வச்சு? உங்க கோவத்தை வச்சா?"

சிரித்தவர்கள் மூன்று பேர். செல்வம் மேலே இருந்ததால் அவனுக்குக் காது கேட்டிருக்காது. ஆனாலும் சிரிப்புச் சத்தம் வந்ததும் அவனும் சேர்ந்துகொண்டான். நாலு.

கோமதிநாயகம் விரலை நீட்டி அடுப்பைக் காட்டினார். "இந்த அடுப்பு ராத்திரி பூரா எரியுது. சூடெல்லாம் எங்கன போகுது? குழாய் வழியாச் சந்துக்குப் போகுது. சந்துல படுத்திருக்கிற நாய் மூணும் கொழுகொழுன்னு இருக்கு. ஒண்ணு தும்மி நீ பாத்திருக்கியா? மரத்தூள் நம்முது, சூடு நாய்க்கு. அந்தச் சூட்டை நான் மேல திருப்புதேன். காத்தாடியை வச்சு ஊதி மேல ஏத்துதேன்."

இத்தனை வாக்கியம் ஒரே மூச்சில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. ஷேக் பரீத் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, செய்யலாம். நடக்கிற காரியம்தான்" என்றார்.

"பாய் சும்மா இருங்க" என்றாள் மாரீஸ்வரி. "சூடாச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்? இவுக குளுர்ல வெறைச்சுக் கெடந்தாலும், 'ஆகா, வெந்நீர்ல குளிச்ச மாதிரி இருக்கு'ன்னு சொல்லுவாக. வீம்பு!"

"தெர்மாமீட்டர் கொண்டாரேன்" என்றார் ஷேக் பரீத்.

"தெர்மாமீட்டர் பொய் சொல்லும். போன மாசம் எனக்கு நூத்தி மூணு காய்ச்சல், அது தொண்ணூத்தேழுன்னு காட்டுச்சு. மாவு பொய் சொல்லாது." அவள் கட்டில் ஓரத்தில் வரிசையாக இருந்த நாலு அண்டாவைக் காட்டினாள். "பத்து நாளா எனக்குக் கீழயே மாவு பொங்கல. இட்லி ஊத்தினா கேரம் காய் மாதிரி வருது. நேத்து ஒருத்தன் சுண்டிப் பாத்துட்டுப் போறான். இந்த நாலு அண்டாவையும் மேல வைங்க. விடிய நாலு மணிக்கு மாவு பொங்கி மூடியைத் தொட்டா, மச்சு உங்களுக்கு. பொங்கலேன்னா, செல்வத்துக்கு. சம்மதமா?"

கோமதிநாயகம் யோசித்தார். நியாயமான அளவுகோலாகத்தான் தெரிந்தது. எண்ணலாம், அளக்கலாம், கண்ணால் பார்க்கலாம். இப்படி ஒரு ஒழுங்கான பேச்சு மாரீஸ்வரியிடமிருந்து வருவது அபூர்வம். அவருக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"சம்மதம்" என்றார்.

"நஸீரா, நீ சாட்சி."

"நான் சாட்சிக்கா" என்றாள் நஸீரா. ஏனோ அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஐந்து ஐம்பதுக்கு வேலை ஆரம்பம். முதல் முயற்சியைக் கோமதிநாயகம் தனியாகவே செய்தார். மேஜை மின்விசிறியைத் தூக்கி அடுப்புக்கு முன்னால் வைத்தார். முகத்தை மச்சு ஏணிப் பக்கம் திருப்பினார். மூன்றாம் நம்பரில் போட்டார்.

மரத்தூள் அடுப்பைப் பற்றித் தெரிந்தவர்கள் யாரும் அந்தக் காரியத்தைச் செய்ய மாட்டார்கள். அடுப்பு ஒரு தடவை 'ஹூம்' என்றது. பிறகு, ராத்திரி முழுக்கச் சிறுகச் சிறுகக் கக்க வேண்டிய சாம்பலை ஒரே நொடியில் கக்கியது. ஏணியில் பாதி இறங்கியிருந்த செல்வம் கறுப்பாக ஏறி வெள்ளையாக இறங்கினான்.

"அத்தான்!"

"மாப்ள, கண்ணை மூடிக்கோ!"

"மூடித்தான் இருக்கு! திறக்கத்தான் முடியல!"

"சூடு மேல போச்சா?" என்று கேட்டாள் மாரீஸ்வரி, சாம்பல் படாத தூரத்திலிருந்து.

"சூடு போகல. சாம்பல் போயிருக்கு" என்றார் கோமதிநாயகம். உண்மையைச் சொல்லிவிடுவது அவர் சுபாவம். "ஆனா பாதையில தப்பில்ல. சாம்பல் போற பாதையில சூடும் போகும்."

ஷேக் பரீத் எழுந்தார். "அரே அண்ணாச்சி, நெருப்பை நேரா ஊதக் கூடாது. குழாயைத்தான் ஊதணும். புகைக் குழாய்க்கு மேல இன்னொரு குழாய், சட்டை மாதிரி மாட்டிவிடுதேன். ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு விரக்கடை இடைவெளி. புகை அதுபாட்டுக்கு உள்குழாய்ல வெளிய போயிரும். நாம சட்டைக்குள்ள சுத்தமான காத்தை ஊதுவோம். அது சூடாகி அந்தப் பக்கமா மேல ஏறும். பட்டறையில ஒரு புளோயர் சும்மா கெடக்கு."

"புகை மாவுல ஏறாதுல்லா பாய்?" என்றாள் மாரீஸ்வரி.

"ஒரு துளி ஏறாது."

"ராத்திரி பூரா ஓடுமா? தினசரி ஓடினா மோட்டார் தாங்குமா?"

"வருசக் கணக்கா ஓடும்மா. பட்டறை மோட்டார்."

கோமதிநாயகம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். பயம் வந்துவிட்டது அவளுக்கு. அதனால்தான் இத்தனை கேள்வி. எண்ணினார். மூன்று கேள்வி. அடுத்த அரைமணி நேரத்தில் அது ஒன்பது ஆயிற்று. குழாய் தெறித்து விழுமா, கரன்ட் எத்தனை யூனிட் இழுக்கும், ஏணி வழியாக அண்டா ஏறுமா, ஏறினால் எத்தனை பேர் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்தது.

எட்டு மணிக்குத் தகரச் சட்டை குழாயில் ஏறியது. அதன் ஒரு முனையில் புளோயர். மறுமுனையிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைகுழாய் மச்சுக்குள் போயிற்று. ஷேக் பரீத் சுவிட்சைப் போட்டார்.

குர்லா பட்டறையில் இரும்பைப் பழுக்க வைக்கிற புளோயர் அது. இட்லி மாவுக்கு என்று அதற்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மச்சில் தும்பிக்கைக்கு நேராக உட்கார்ந்திருந்த கோமதிநாயகத்தின் குல்லா தலையை விட்டுப் பறந்தது. பழைய பேப்பர் பதினொரு நாள் வரிசையாகப் பறந்தது. சுவரில் இருந்த காலண்டர் ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும் தானே புரண்டது.

"எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று கீழேயிருந்து குரல்.

"சூடா இருக்கு! ஆனா பிடிச்சுக்க ஒண்ணும் இல்ல!"

ஒரு பழைய சீலிங் ஃபேன் ரெகுலேட்டரை நடுவில் கோத்ததும் புளோயர் மனுஷத்தன்மைக்கு வந்தது. ஒன்றில் வைத்தால் பெருமூச்சு. இரண்டில் வைத்தால் சூடான பெருமூச்சு. மூன்றில் வைத்தால் மாரீஸ்வரி. இரண்டுதான் சரி என்று கோமதிநாயகம் முடிவு செய்தார்.

ஒன்பதரைக்கு மாவு கரைக்கிற நேரம். இட்லிக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. ஆட்டிய மாவில் உப்புப் போட்டுக் கரைக்கிற கை சூடாக இருக்க வேண்டும். சூட்டுக் கைக்காரர் கரைத்தால் மாவு பொங்கும்; குளிர்ந்த கைக்காரர் கரைத்தால் படுத்துவிடும். மாரீஸ்வரியின் கை தோசைக்கல். அந்தச் சந்தில் எட்டு வீட்டு மாவுக்கு அவள் கையைத்தான் கேட்டு வருவார்கள். கோமதிநாயகத்தின் கையோ, கல்யாணத்தில் அவளைக் கைப்பிடித்தபோதே அவள் "அம்மா!" என்று அலறிய கை.

"வா, வந்து கரை" என்றார்.

"நான் கரைக்க மாட்டேன்" என்றாள் மாரீஸ்வரி. "நான் கரைச்சுப் பொங்கினா, என் கைராசின்னு சந்துல நாலு பேரு சொல்லுவாக. அப்புறம் உங்க காத்தாடிக்கு என்ன மரியாதை? நீங்களே கரைங்க."

"ஏட்டி, என் கை ஐஸ் மாதிரி இருக்கும்னு தெரிஞ்சேதான சொல்லுத!"

"ஐஸ் கையால கரைச்ச மாவைப் பொங்க வச்சாத்தான் அது சூடு. இல்லேன்னா என்ன சூடு? பயமா இருந்தா இப்பவே சொல்லிருங்க. செல்வம், பாயை விரிலே."

கோமதிநாயகம் வேட்டியை மடித்துக் கட்டினார். இரண்டு கையையும் கக்கத்தில் வைத்து நூறு எண்ணினார். போதவில்லை. இன்னொரு நூறு எண்ணினார். பிறகு நாலு அண்டாவையும் முழங்கை வரை விட்டுக் கரைத்தார். அண்டாவுக்கு அறுபது சுற்று. நாலு அண்டா, இருநூற்று நாற்பது சுற்று. ஒன்று கூடவில்லை, குறையவில்லை.

செல்வம் கீழிருந்து தூக்கிக் கொடுக்க, அவர் மேலிருந்து வாங்கினார். மச்சு வாயின் அகலம் இருபத்தோரு அங்குலம், அண்டாவின் அகலம் பதினெட்டு. முட்டாமல் ஏறியது. நாலையும் தும்பிக்கையைச் சுற்றி வைத்து மூடினார்.

"மூடியைத் திறந்து திறந்து பாக்காதிய. சூடு போயிரும்" என்றாள் மாரீஸ்வரி கீழேயிருந்து.

"எனக்குத் தெரியும்!"

"அண்டா ஒண்ணையொண்ணு ஒட்டக் கூடாது. மூணு அங்குலம் இடைவெளி விடுங்க. காத்து சுத்தி வரணும்."

"அதுவும் தெரியும்!"

தெரியாது. ஆனால் விட்டார்.

அன்று ராத்திரி கோமதிநாயகம் தும்மவில்லை. ஒரு தடவைகூட. சூடான காற்று முதுகைத் தடவியது. இருந்த மிச்ச இடத்தில் காலை நீட்டிக்கொண்டு, ரெகுலேட்டர் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, ஒரு ராஜா தன் கோட்டையைக் காப்பது போலக் காத்தார்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது 'டிங்' என்று ஒரு சத்தம். முதல் அண்டாவின் மூடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அடியிலிருந்து மாவு வெள்ளை வெளேரென்று எட்டிப் பார்த்தது. பிறகு இரண்டாவது. பிறகு மூன்றும் நாலும் சேர்ந்து.

"பொங்கிருச்சு!" என்று கோமதிநாயகம் கத்திய கத்தலில் சந்து நாய் மூன்றும் எழுந்துவிட்டன. "ஏட்டி மாரீஸ்வரி! நாலும் பொங்கிருச்சு! மூடியைத் தள்ளுது! வந்து பாரு! செல்வத்தையும் கூட்டிட்டு வா! பாயை எழுப்பு! சாட்சியை எழுப்பு!"

அன்றைய இட்லி பஞ்சு. வரிசையில் நின்றவர்கள் விரலால் அழுத்திப் பார்த்தார்கள். இட்லி அமுங்கி, மறுபடி நிமிர்ந்து, அவர்களைப் பார்த்தது. கோமதிநாயகம் வாசலில் நின்றார். வழக்கமாக வரிசைக்காரர்களைக் கண்டால் ஏணி ஏறிவிடுகிற மனிதர், அன்று ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்து, குழாய்க்குச் சட்டை மாட்டிய கதையைச் சொன்னார். மொத்தம் இருபத்தாறு பேருக்குச் சொன்னார். இருபத்தேழாவது ஆளுக்குத் தமிழ் தெரியாது. அவரிடம் ஹிந்தியில் சொன்னார். அவருக்கு ஹிந்தியும் அவ்வளவாகத் தெரியாது, கோமதிநாயகத்துக்கும் தெரியாது. ஆனாலும் சொன்னார்.

மாரீஸ்வரி ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. "ஆமா, இவுக மூளைதான்" என்று எல்லாரிடமும் சொன்னாள். டீ போட்டுக் கொண்டுவந்து முதல் கிளாஸை அவர் கையில் கொடுத்தாள். முதல் கிளாஸ்! வெற்றியின் ருசி ஏலக்காய் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

எட்டு மணிக்குச் செல்வம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். தோற்றவனிடம் பெருந்தன்மை காட்ட வேண்டும் அல்லவா?

"மாப்ள, மனசுல ஒண்ணும் வச்சுக்காத. மச்சு உனக்கு அமையல. உல்லாஸ்நகர் வீட்டு ரிப்பேர் முடியுற வரைக்கும் வேணா கீழ ஒரு ஓரமா..."

"என்ன ரிப்பேர் அத்தான்?"

"உன் வீட்டு ரிப்பேர்."

"என் வீட்டுக்கு என்ன? மூணு ரூம், பால்கனி. போன வருசம்தான டைல்ஸ் போட்டேன்." செல்வம் செருப்பைத் தேடினான். "அக்காதான், 'ஒரு ராத்திரி வந்து மச்சை அளந்துட்டு, கொஞ்சம் ஆசைப்படுற மாதிரி நின்னுட்டுப் போ'ன்னா. எனக்கு எதுக்கு அத்தான் இந்த எலிப்பொறி? தப்பா நினைக்காதிய. சாம்பல் காதுக்குள்ள இன்னும் இருக்கு. வாரேன்."

போய்விட்டான். கோமதிநாயகம் கையில் ஏலக்காய் டீ ஆறிக்கொண்டிருந்தது.

அவர் திரும்பும்போது, பக்கத்து வீட்டிலிருந்து நஸீரா ஒரு அண்டாவைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். பின்னால் ஷேக் பரீத், கைக்கு ஒன்றாக இரண்டு. எல்லாம் புத்தம் புதுசு. இன்னும் லேபிள்கூடக் கிழிக்கவில்லை.

"அக்கா, எங்க கட்டிலுக்கு அடியில இன்னும் நாலு இருக்கு. பத்து நாளா அதுக மேலதான் படுத்துக் கெடந்தோம். இன்னைக்காவது எடுத்துக்கோங்க" என்றாள் நஸீரா.

மூன்றும் நாலும் ஏழு. ஏற்கெனவே நாலு. பதினொன்று. கோமதிநாயகத்துக்குக் கணக்கு வரும். அன்று மட்டும் வராமல் இருந்தால் தேவலை என்று இருந்தது.

"இது என்னட்டி?"

"சுனாபட்டியில ஒரு ஹாஸ்டல் கேன்டீன். தினம் ஆயிரத்து நானூறு இட்லி கேக்காங்க. இன்னைக்கு ராத்திரியில இருந்து."

"எப்பக் கேட்டாங்க?"

"கார்த்திகை மாசம்."

"கார்த்திகை மாசமா?"

"அப்பத்தான உங்ககிட்ட வந்து, மச்சுல அண்டா வச்சுக்கிடட்டுமான்னு கேட்டேன். என்ன சொன்னிய? 'அது ஐஸ் பெட்டி மாதிரி கெடக்கு, அங்கன மாவு எப்படிப் பொங்கும்?'ன்னிய. மார்கழியில கேட்டேன். அதையே சொன்னிய. மூணாந் தடவை கேக்கேன், அதையே சொல்லுதிய. சரி, இந்த மனுசன் வாயால 'பொங்காது'ன்னு சொன்னா, இந்த மனுசன் கையாலதான் பொங்க வைக்கணும்னு விட்டுட்டேன்."

கோமதிநாயகம் ஏணிக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். முப்பத்தேழு வருஷத்தின் ஆறாவது 'முடியாது' வந்துகொண்டிருந்தது.

"முடியாது! மச்சு எனக்குன்னு சொன்ன. நஸீரா சாட்சி."

"யாரு இல்லேன்னா? மச்சு உங்களுதுதான். அண்டா மட்டும்தான் எனக்கு."

"அண்டா வச்சா நான் எங்கன படுக்க?"

"உங்க மச்சு. எங்கன வேணாலும் படுங்க."

"காலை எங்கன நீட்ட?"

"அது உங்க பிரியம்."

"புளோயரைக் கழட்டிருவேன்!" என்றார். கடைசி ஆயுதம். "இப்பவே கழட்டுதேன். பாய், ஸ்பேனரைக் குடுங்க. சூடு இல்லேன்னா நீ எப்படி மாவைப் பொங்க வைக்கேன்னு பாக்குதேன்!"

ஷேக் பரீத் ஸ்பேனரை நீட்டினார். கோமதிநாயகம் வாங்கினார். மாரீஸ்வரி தடுக்கவில்லை. மூன்று அண்டாவின் லேபிளை நகத்தால் கிழித்துக்கொண்டே சொன்னாள்.

"தாராளமாக் கழட்டுங்க. ஆனா ஒண்ணு, புளோயர் இல்லேன்னா மச்சு குளுந்துரும். குளுந்தா மாவு பொங்காது. பொங்கலேன்னா மச்சு செல்வத்துக்குன்னுதான பேச்சு? அவன் இன்னும் சயான் ஸ்டேஷன்கூடத் தாண்டியிருக்க மாட்டான். எலிப்பொறியோ எதுவோ, அக்கா கூப்பிட்டா வந்து படுத்துக்கிடுவான். போன் பண்ணட்டுமா?"

கோமதிநாயகம் ஸ்பேனரைப் பார்த்தார். ஸ்பேனர் அவரைப் பார்த்தது. கழற்றினால் மச்சு போகும். கழற்றாவிட்டால் மச்சில் இருக்கிற இடம் போகும். முப்பத்து நாலு வருஷம் தோல் எண்ணிய மூளை, அதைக் கூட்டிப் பார்த்தது, கழித்துப் பார்த்தது, பெருக்கிப் பார்த்தது. எந்தப் பக்கம் போட்டாலும் விடை மாரீஸ்வரி.

"ரெகுலேட்டரை யாரு பாப்பா?" என்று கேட்டார், குரல் சற்று இறங்கி. "ரெண்டுலதான் இருக்கணும். மூணுல போனா மாவு புளிச்சுப் பொங்கி வழிஞ்சிரும்."

"நீங்கதான் பாக்கணும். வேற யாருக்கு அந்தக் கைப்பக்குவம்? விடிய விடிய உக்காந்து பாக்கணும்."

"உக்காரவா?"

"படுத்தா எங்கன காலை நீட்டுவிய?" என்றாள் மாரீஸ்வரி.

நஸீரா மறுபடியும் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பதினொரு அண்டாவும் மேலே ஏறின. தூக்கிக் கொடுத்தவர் ஷேக் பரீத், வாங்கி வைத்தவர் கோமதிநாயகம். நீளவாக்கில் வரிசைக்கு நாலு. கடைசி வரிசையில் மூன்று, அங்கே ஏறி இறங்குகிற வாய் இருக்கிறதல்லவா? ஒன்றுக்கொன்று மூன்று அங்குலம் இடைவெளி. பாயைச் சுருட்டிக் கீழே கொடுத்தார். பழைய பேப்பரைக் கீழே கொடுத்தார். குல்லாவை மட்டும் தலையில் வைத்துக்கொண்டார். அது அவருடைய கொடி.

"இறங்குதியளா?" என்று கீழேயிருந்து கேட்டாள் மாரீஸ்வரி. "கட்டில் பக்கத்துல உங்களுக்குப் பாய் விரிச்சிருக்கேன். அரிசி மூட்டையைக்கூடத் தள்ளி வச்சிருக்கேன்."

"இறங்க மாட்டேன்!" என்றார் கோமதிநாயகம். "இது என் மச்சு!"

அண்டாவுக்கும் சுவருக்கும் நடுவே அவர் குனிந்து ஒருக்களித்து நின்றுகொண்டிருந்தார். மூச்சை இழுத்துப் பிடித்தால் நிற்க முடிந்தது. விட்டால் வயிறு மாவு மூடியைத் தொட்டது. செல்வம் விட்டுப்போன இஞ்ச் டேப் ஒரு மூலையில் கிடந்தது. எட்டி எடுத்தார். கடைசி அண்டாவின் விளிம்பில் ஒரு முனையை வைத்தார், சுவரில் மறுமுனையை வைத்தார். நம்பாமல் இன்னொரு தரமும் அளந்தார். இரண்டு தரமும் கணக்கு ஒன்றாகவே வந்தது.

மிச்சம் பதினொரு அங்குலம்.